காலங் கடந்த நீதி

சனநாயகத்தின் உயிர் வாக்குரிமையில் இருக்கின்றது என்பர். ஆனால், அளித்த வாக்கு நேர்மையாக எண்ணப்படாவிடின் அவ்வுரிமையினாற் பயன் யாது? எண்ணிக்கையில் ஐயம் எழுந்தால் அதனைத் தீர்க்கும் வழி யாது? இந்திய மாநிலங்களின் சட்டசபைத் தேர்தல்களைப் பொறுத்தவரை, இவ்வினாக்களுக்குச் சட்டத்தில் விடை உண்டு. ஏட்டில் அது நன்றாகவே இருக்கின்றது, நடைமுறையிலேதான் குறை.

தேர்தல் மனுவினாலன்றி வேறெவ்வழியாலும் ஒரு தேர்தலை எதிர்த்தல் ஆகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 329ஆம் பிரிவு. நாமக்கல்லில் நியமனப் பத்திரம் நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி என்பவரின் வழக்கில், தேர்தல் முடிந்த பின்னரே முறையிடலாம் என 1952இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, அபேட்சகரோ வாக்காளரோ 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். 2,000 ரூபா பிணைப்பணமுங் கட்டவேண்டும். இலஞ்சம், சாதி மதத்தின் பேரால் வாக்குக் கேட்டல் முதலிய ஊழல்களை வென்ற அபேட்சகரே புரிந்தமை நிரூபிக்கப்படின் தேர்தல் செல்லாதது. வாக்குகள் முறைகேடாக ஏற்கப்பட்டன அல்லது தள்ளப்பட்டன என்போர், அதனால் முடிவு பாதிக்கப்பட்டது என்பதையுங் காட்டவேண்டும்.

இனி, காலக்கெடுவைப் பாருங்கள். மனுதாரர் ஒரு நாள் பிந்தினும் மனு தள்ளப்படும், மன்னிப்பு இல்லை. நீதிமன்றமோ ஆறு மாதத்துள் விசாரணையை முடிக்க "முயலவேண்டும்" என்பதே விதி. குடிமகனுக்குக் கட்டளை, நீதிமன்றத்துக்கு வேண்டுகோள்! இது எவ்வகை நியாயம்?

இதன் விளைவை இராதாபுரம் காட்டிற்று. 2016இல் அத்தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை வெறும் 49 வாக்குகளால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணுமாறு சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது 2019 ஒக்டோபரில். எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அச்சட்டசபையின் ஆயுள் முடிந்தபோதும் மக்கள் அம்முடிவை அறிந்திலர். பயிர் கருகிய பின் வாய்க்காலைத் திறந்து ஆவதென்ன?

அவசரத்தால் நீதி பிழைபடும் என்பர் சிலர். ஊழல் குற்றச்சாட்டுகளில் அது பொருந்தலாம். சாட்சிகள் பலர், ஆராயவேண்டியதும் பல. ஆனால், வாக்கை மீள எண்ணுவதற்கு மூன்று ஆண்டுகள் எதற்கு? சீட்டுகளும் பெட்டிகளும் அரசாங்கத்தின் காவலிலேயே உள்ளனவன்றோ?

எனவே, எண்ணிக்கை பற்றிய மனுக்களை வேறாகப் பிரித்து, நாள்தோறும் விசாரித்து, ஆறு மாதத்துள் தீர்ப்பளிப்பதைக் கட்டாயமாக்கவேண்டும். மேன்முறையீட்டுக்கும் அத்தகைய எல்லை வேண்டும். ஐந்தாண்டுப் பதவியை அனுபவித்து முடித்தவரைப் பார்த்து, அதற்குரியவர் நீரல்லர் என்று கூறுவது தீர்ப்பாகாது. அது வெறுஞ் செய்தியே.