பி.இ.யா, பி.எஸ்சி.யா: "நமக்கு இது போதும்" என்று சொல்வது யார்?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தஞ்சை வட்டாரத்து ஊர்த்தெருவில் நடந்தால், "சிஎஸ்இ எந்தக் காலேஜ்ல கிடைக்கும்?" என்ற பேச்சு காதில் விழும். அதே ஊரின் காலனிக்குள் நுழைந்தால் பேச்சு மாறுகிறது. "பக்கத்துல பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடு, நமக்கு அது போதும்." இரண்டு தெருப் பிள்ளைகளும் கேட்பது கணினிப் படிப்புதான். "போதும்" என்ற சொல் மட்டும் ஒரு தெருவில்தான் கேட்கிறது.

இந்தச் சொல் டெல்டாவுக்குப் புதிதல்ல. இவ்வளவு கூலி போதும் என்று பண்ணையார்கள் சொன்னார்கள். அது போதாது என்று கேட்ட போராட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கும் முன்பு, 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றார். அந்தக் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துப் பெரியாரின் இயக்கம் களத்தில் நின்றது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. திட்டம் போய்விட்டது. அந்த நினைப்பு அறிவுரை வேடத்தில் இன்னும் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் இரண்டு படிப்பிலும் உண்டு. நான்காண்டு பி.இ.யில் பொறியியல் கணிதமும் கணினியின் உட்கட்டமைப்பும் கூடுதலாக வரும். மூன்றாண்டு பி.எஸ்சி.யில் முதல் இரண்டு ஆண்டு தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும். சிப், சர்க்யூட் என்று கருவியோடு மல்லுக்கட்ட ஆசையுள்ளவர் பொறியியல் பக்கம் போகலாம். மென்பொருள் வேலைதான் குறி என்றால் பாட அளவில் பெரிய மதில் ஏதும் இல்லை. மதில் சம்பளத்திலும் மதிப்பிலும் இருக்கிறது. ஒரே அலுவலகத்தில் பி.எஸ்சி. படித்தவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுப்பது வழக்கம். பி.இ. இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்ற வேலைகளும் உண்டு.

இந்தத் தேர்வு பதினெட்டு வயதில் நடப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் கிடைத்தது என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200 மதிப்பெண்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணினி அறிவியலில் சதமே அடித்தாலும் கணினிப் பொறியியல் சேர அதில் ஒரு மதிப்பெண்கூடக் கணக்கில் வராது! வணிகவியலோடு கணினிப் பயன்பாடு எடுத்த பிள்ளைக்கு இது பெரும்பாலும் பிளஸ் டூ முடிந்த பிறகுதான் தெரிகிறது. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களை "உனக்குக் கணக்கு வராது" என்று தள்ளிவிடும்போது தள்ளப்படுபவர்கள் யார் என்று உங்கள் பள்ளியிலேயே எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பணம். "போதும்" என்று சொல்லும் அப்பாவின் வாயில் பயம்தான் பேசுகிறது. கூலிவேலைக் குடும்பத்துக்கு நான்கு ஆண்டு என்பது சிறிய கணக்கல்ல. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெற்றவரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள பட்டியலின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை தனியாக உண்டு.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட் வருகிறார். தேர்வு முடிந்த கையோடு வீடு தேடி வந்து, "ஸ்காலர்ஷிப் இருக்கு, ஒரு பைசா வேண்டாம்" என்று சொல்லிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார். அவர் சேர்த்துவிடுவது நிர்வாக ஒதுக்கீட்டில். அந்த வழியில் போனால் 7.5 சதவீத இடமும் இல்லை, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் இல்லை. கலந்தாய்வு முடியும்வரை அசல் சான்றிதழை யார் கையிலும் கொடுக்காதீர்கள். கலைக் கல்லூரியில் முன்கூட்டியே சேர்ந்திருந்தாலும் கவலை வேண்டாம்: சரிபார்த்த பிறகு அசலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசியின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பு.

அதற்காகப் பி.எஸ்சி.யை இளக்காரமாகப் பேசும் கூட்டத்தில் நாம் சேர முடியாது. படிப்புக்குள்ளேயும் மேல் கீழ் அடுக்கு கட்டுவது நமக்குப் பழகிய நோய். 2024இல் ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. அப்படிக் கணக்குக் காட்டும் கல்லூரியின் சிஎஸ்இயைவிட, தஞ்சை சரபோசி கல்லூரியிலோ குந்தவை நாச்சியார் கல்லூரியிலோ கும்பகோணம் அரசுக் கல்லூரியிலோ சில ஆயிரம் ரூபாயில் படிக்கும் பி.எஸ்சி. எவ்வளவோ மேல். அதன்பின் இரண்டாண்டு எம்.சி.ஏ. இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் பி.எஸ்சி. முடித்து நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. கட் ஆஃப் இருந்தால் முதலில் செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களை விருப்பப் பட்டியலின் மேலே வையுங்கள். ஊர் பேர் தெரியாத கல்லூரிகளைக் கடைசியிலும் வைக்க வேண்டாம். எல்லாம் தெரிந்து, பி.எஸ்சி.தான் வேண்டும் என்று ஒரு பிள்ளை எடுத்தால் அது அவளுடைய தேர்வு. தெரியாமல் எடுத்தால் அது வேறு யாரோ எடுத்த முடிவு.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. எல்லா ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளியிலும் கணிதத்தோடு கணினி அறிவியல் குரூப் இருக்க வேண்டும், அதை நடத்த நிரந்தர ஆசிரியர் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளிலேயே, எந்த குரூப் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்பதை ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தத் தாளை எழுதி நகலெடுத்துக் காலனிகளுக்குக் கொண்டுபோகும் வேலையைக் கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வரும் தோழர்கள் எடுத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய் ஜெராக்ஸ் செலவுதான்.