ஊருக்குப் போகப் பண்டிகைதான் வர வேண்டுமா?



பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் படும் பாட்டைப் பற்றிய செய்தி படித்தேன். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 ஆகிவிட்டது. காலை 8 மணிக்குத் திறந்தால், நெல்லை எக்ஸ்பிரஸ் நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடுகிறது. சிறப்பு ரயில் விடட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பண்டிகையன்று அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதே இல்லை. எங்கே உட்கார்ந்து பேசுவது? அப்பாவின் கண் பரிசோதனை, பாங்க் வேலை, மக்கர் பண்ணும் மோட்டார் எல்லாம் ஏதோ ஓர் ஆடி மாதப் புதன்கிழமையில்தான் நடக்கும். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் தேசிய விடுமுறைகள் போக ஐந்து பண்டிகை விடுமுறைகள் தருகிறது. அவற்றில் ஒன்றையாவது ஊழியர் கேட்கும் நாளுக்கு மாற்றிக்கொள்ள நிறுவனங்கள் வழிசெய்யலாமே. ரயிலிலும் உட்கார இடம் கிடைக்கும்.

– ஒரு வாசகி, தாம்பரம்