தறிக்காரர் மகன்னு எழுதறதுக்கு என்ன வெக்கம்?



வழக்கமா தென்னை, மாடு, மழைன்னு எழுதறவன் இந்தத் தடவை வேலை தேடற பசங்களைப் பத்தி எழுதறேன். படிப்பை முடிச்ச பசங்க புள்ளைங்க அப்பப்ப வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, தெரிஞ்ச கம்பெனி ஏதாச்சும் இருந்தா கொடுங்க"ன்னு பயோடேட்டாவைக் கொடுத்துட்டுப் போறாங்க. நான் பள்ளிக்கூடத்தோட நின்னவன். ஆனா எழுத்துக்கூட்டி எல்லாத்தையும் படிச்சுப் பார்த்தேனுங்க. படிச்சதுல ஒண்ணு தெரிஞ்சுது. பேரையும் போட்டோவையும் மறைச்சுட்டா எது யாரோடதுன்னு பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது.

எல்லாத்துலயும் முதல் வரி, நிறுவனத்தோட வளர்ச்சிக்கு என் திறமையை முழுசாப் பயன்படுத்துவேங்கறது. பலம்னு கேட்ட இடத்துல கடின உழைப்பு, குழுவாச் சேர்ந்து வேலை செய்யறது. பொழுதுபோக்கு கிரிக்கெட், பாட்டு கேக்கறது. கடைசி வருசம் செஞ்ச புராஜெக்ட்னு ஒரு பெரிய இங்கிலீசுத் தலைப்பு. அதுல பாதி காசு கொடுத்து வாங்கினதுன்னு ஊருக்கே தெரியும். அப்பா என்ன பண்றாருங்கற இடத்துல "பிசினஸ்"னு ஒருத்தன் எழுதியிருந்தான். அவங்க அப்பன் எட்டுத் தறி கூலிக்கு ஓட்டறாரு. எனக்கு மனசு சங்கடமாப் போச்சு.

ஏன்னா அந்தப் பையன் ஒம்பதாவது படிக்கறப்பவே தார் மாத்துவான். லீவு நாள்ல அப்பனுக்குச் சாப்பாடு கொண்டு போனா, அவர் சாப்பிட்டு எந்திரிக்கற வரைக்கும் எட்டுத் தறியையும் அவன்தான் பார்த்துக்குவான். இழை அறுந்தாக் கட்டுவான், நாடா சிக்குனா எடுத்துப் போடுவான், பெல்ட் லூசானா சத்தத்தை வச்சே சொல்லுவான். பயோடேட்டாவுல இதுல ஒரு எழுத்துக்கூட இல்லை. பாட்டு கேக்கறது மட்டும் இருக்குது.

என்னோட கருத்து இதுதானுங்க. நம்ம ஊர்ப் பசங்க வேலைக்குப் போறப்ப, மத்தவங்ககிட்ட இல்லாத ஒண்ணு தங்கிட்ட எது இருக்குதோ, அதை மொதல்ல அழிச்சுட்டுத்தான் பேப்பரையே எழுதறாங்க. அழிச்சதுக்கு அப்புறம் ஆயிரத்துல ஒருத்தனாப் போய் நிக்கறாங்க.

கூட்டம் எவ்வளவுன்னு ஒரு கணக்குப் பாருங்க. 2024 ஜூன் 9-ம் தேதி நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு மொதல்ல அறிவிச்ச இடம் 6,244. மனுப் போட்டவங்க 20 லட்சத்துக்கும் மேல. அப்படீன்னா ஒரு இடத்துக்கு 320 பேரு. அப்புறமா இடத்தைக் கொஞ்சம் கூட்டினாங்க, ஆனாலும் கூட்டம் கூட்டம்தான். அது பரீட்சை. அங்க மார்க்குதான் பேசும், நீங்க யாரு எவருன்னு யாரும் கேக்கப் போறதில்லை. தனியார் கம்பெனி அப்படி இல்லை. அங்க ஒரு ஆளு உக்காந்து நூறு பேப்பரைப் புரட்டி, பத்துப் பேரைக் கூப்பிடணும். நூறும் ஒரே மாதிரி இருந்தா அவர் என்ன பண்ணுவாரு? மார்க்கைப் பார்ப்பாரு, காலேஜ் பேரைப் பார்ப்பாரு. அந்த ரெண்டுலயும் நம்ம பசங்க பின்னாலதான் நிக்கறாங்க.

எங்க காலத்துல வேற மாதிரி. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வச்சா, பதிவு மூப்புப்படி கார்டு வரும். வந்தா வேலை, வரலைன்னா தோட்டம். வரிசையில நின்னாப் போதும், தனியாத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இன்னைக்கு அந்த வரிசையை நம்பி இருக்க முடியாது. ஆனா பெத்தவங்க இன்னும் வரிசை இருக்கற மாதிரியே நினைக்கறோம். "டிகிரி வாங்கிட்டியா, பதிஞ்சுட்டியா, பேசாம இரு, வரும்"னு சொல்றோம். வராதுங்க.

பசங்க தறியை ஏன் மறைக்கறாங்கன்னும் யோசிக்கணும். அவங்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 2021 நவம்பர்ல பேச்சுவார்த்தை நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மத்த ரகத்துக்கு 20 சதவீதம் கூலி உயர்வுன்னு முடிவாச்சு. அது கைக்கு வரலைன்னு 2022 ஜனவரியில கோயமுத்தூர், திருப்பூர் ரெண்டு ஜில்லாவுலயும் கூலித் தறிக்காரங்க தறியை நிறுத்திப் போராடினாங்க. அந்த வருசமே கரண்டு பில்லும் ஏறிச்சு. தறியை உடைச்சு பழைய இரும்புக்கு எடைபோட்டு வித்தவங்க நம்ம சுத்துவட்டாரத்துல எத்தனை பேருன்னு உங்களுக்கே தெரியும். அதைக் கண்ணால பார்த்து வளர்ந்த பையனுக்கு, தறின்னாத் தோத்துப்போன தொழில்னுதான் மனசுல பதியும். "இந்தப் பக்கமே வராத சாமி, நீ படி"ன்னு ஆத்தாளும் சொல்லித்தான் வளர்த்திருப்பா. அப்படி வளர்ந்தவன் பயோடேட்டாவுல அதை எப்படி எழுதுவான்?

ஆனா கண்ணுங்களா, தொழில்ல லாபம் போச்சுங்கறது வேற, அந்தத் தொழில்ல கத்துக்கிட்ட வித்தை வேற. ஒரு இஞ்சுக்கு எத்தனை ஊடை விழுதுன்னு எண்ணிப் பார்க்கறது, காடாத் துணியில கோடு விழுந்தா அச்சுல கோளாறா பாவுல கோளாறான்னு கண்டுபிடிக்கறது, இதுக்குக் கம்பெனியில தரக்கட்டுப்பாடுன்னு தனி டிபார்ட்மென்டே இருக்குது. துணி சேதமானா கூலியில புடிப்பாங்கங்கற பயத்தோட கத்துக்கிட்ட பாடம் எந்தக் காலேஜுலயும் கிடைக்காது.

சூலூருக்குப் பக்கத்துல கலங்கல்னு ஒரு ஊரு. 1893-ல அங்க பொறந்தவர்தான் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடப் படிப்பு பெருசா இல்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிள்ல வந்ததைப் பார்த்துட்டு, அதே மாதிரி வண்டி வாங்கணும்னு கோயமுத்தூர் வந்து ஓட்டல்ல சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தாரு. வண்டியை வாங்கி அக்குவேறா ஆணிவேறாக் கழட்டித் திருப்பி மாட்டினாரு. 1920-ல ராபர்ட் ஸ்டேன்ஸ் துரைகிட்டக் கடன் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டாரு. 1937-ல நம்ம நாட்டோட முதல் எலெக்ட்ரிக் மோட்டார் பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து செஞ்சதுதான். இப்ப அவினாசி ரோட்டு மேம்பாலத்துக்கே அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க.

எல்லாரும் நாயுடு ஆக முடியாதுங்க, நான் அதுக்குச் சொல்லலை. கோயமுத்தூர் தொழில்காரங்க ஆளை எடைபோடற விதம் அந்தக் காலத்துல இருந்தே அதுதான்னு சொல்றேன். சர்டிபிகேட்டை அப்புறமாப் பார்ப்பாங்க. மொதல்ல "இதைக் கழட்டி மாட்டுவியா?"ன்னு கேப்பாங்க. பம்புசெட்டு, கிரைண்டர், பவுண்டரி, லேத்துன்னு இத்தனை பட்டறை இங்க வளர்ந்ததுக்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். காலேஜே 1945-ல ஆரம்பிச்ச நாயுடு, நாலு வருசப் படிப்பு நேரத்தை வீணாக்கறது, ரெண்டு வருசம் போதும்னு வாதாடினவரு.

அரசூர்ப் பக்கம் சின்னதா மெசின் ஷாப் வச்சிருக்கற ஒரு தெரிஞ்சவர்கிட்ட, ஆளு எப்படி எடுப்பீங்கன்னு கேட்டேன். அவர் சொன்னாரு: "எல்லாம் தெரியும்னு சொல்றவனை நான் எடுக்கறதில்லைங்கண்ணா. ஏதாச்சும் ஒண்ணு தனக்கு எப்படித் தெரியும்னு அஞ்சு நிமிசம் பேசறவனை எடுப்பேன். அது என் தொழிலாவே இருக்கணும்னு இல்லை. ஒரு பையன் தோட்டத்துல போர் மோட்டார் அடிக்கடி காயில் போனதைப் பத்திச் சொன்னான். ஓல்டேஜ் எப்ப குறையுது, ஸ்டார்ட்டர் ஏன் ட்ரிப் ஆகலைன்னு அவனே நோட்டுல நாலு நாள் எழுதிப் பார்த்திருக்கான். அன்னைக்கே வரச் சொல்லிட்டேன்."

அந்தப் பையன்கிட்ட இருந்தது மார்க்கு இல்லை, நாலு நாள் எழுதின நோட்டு. நம்ம வீட்டுப் பசங்க எத்தனை பேருகிட்ட அப்படி ஒண்ணு இருக்குது! சொட்டுநீர்க் குழாயில எந்த வரிசைக்குத் தண்ணி சேரலைன்னு பார்த்து பில்டரைக் கழுவினவன் இருக்கான். பால் சொசைட்டியில கொழுப்பு, எஸ்என்எஃப் பார்த்து விலை போட்டுக் கொடுத்தவன் இருக்கான். கோயில் நோம்பிக்கு வரி வசூல் பண்ணி பைசா பிசகாமக் கணக்கு ஒப்படைச்சவன் இருக்கான். பொம்பளப் புள்ளைங்களைப் பாருங்க. 1989-ல தர்மபுரியில ஆரம்பிச்ச மகளிர் குழு இன்னைக்கு ஊர் ஊருக்கு இருக்குது. எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாளுக்காகக் குழுவோட கடன் கணக்கு, தீர்மான நோட்டு ரெண்டையும் எழுதிக் கொடுக்கறது பிளஸ் ஒன் படிக்கற புள்ளைதான். அவ பி.காம் முடிச்சதும் "அனுபவம் இல்லை"ன்னு எழுதிக் கொடுக்கறா. அனுபவம் இல்லாமயாக் கண்ணு அத்தனை நோட்டு எழுதினே?

அதனால எழுதறப்ப இப்படி எழுதுங்க. "கடின உழைப்பாளி"ங்கறதை அடிச்சுட்டு, "அப்பாவின் 8 தறிகளை மூன்று வருடம் விடுமுறை நாட்களில் கவனித்துக்கொண்டேன். இழை கட்ட, நாடா மாற்ற, பெல்ட் மாற்றத் தெரியும்"னு போடுங்க. என்ன செஞ்சீங்க, எத்தனை, எத்தனை நாள்னு இருக்கணும். செய்யாததை ஒரு வரிகூடப் போடாதீங்க, ரெண்டாவது கேள்வியிலயே மாட்டிக்குவீங்க. போற கம்பெனி என்ன செய்யுதுன்னு மொத நாளே தெரிஞ்சுட்டுப் போங்க. பம்பு கம்பெனிக்குப் போறவன் வீட்டுத் தோட்டத்துல எத்தனை எச்.பி. மோட்டார்னு தெரியாமப் போகக் கூடாது. இங்கிலீசு தடுமாறினா, "தமிழ்ல சொல்லட்டுங்களா?"ன்னு கேளுங்க, விசயம் இருந்தாக் கேப்பாங்க. வேலைக்கு முன்பணம் கட்டச் சொன்னா, அங்க வேலை இல்லைன்னு அர்த்தம், திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

"இதெல்லாம் சரி, சிபாரிசு இல்லாம எவன் உள்ள விடறான்?"னு நீங்க கேப்பீங்க. நியாயந்தானுங்க. சொந்தக்காரன், ஊர்க்காரன், நம்ம ஆளுன்னு பார்த்து எடுக்கற வழக்கம் நம்ம பக்கம் இல்லைன்னு சொன்னா அது பொய். ஆளு அம்பு இல்லாத வீட்டுப் பசங்களுக்கு அது பெரிய அநியாயம். ஆனா சிபாரிசு இருக்கறவன் பேப்பர் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள போயிடுவான். சிபாரிசு இல்லாதவனுக்குத்தான் தன் கைவேலையைச் சொல்லியே ஆகணும். அவனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் மறைச்சுட்டா என்ன மிச்சம்?

கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. புதுசாப் படிச்சு வந்தவன்கிட்ட ரெண்டு வருச அனுபவம் கேக்கறது, கன்னு போடாத கிடாரியைக் கறவை மாட்டுக் கணக்குல கேக்கற மாதிரி. 1961-லயே அப்ரன்டிஸ் சட்டம் இருக்குது. 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற இடத்துல ரெண்டரை சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் பயிற்சி ஆளுங்களை எடுக்கணும்னு விதி. உதவித்தொகையில ஒரு பங்கை அரசாங்கமும் கொடுக்குது. 2022 மார்ச் 1-ம் தேதி ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துல வருசத்துக்கு 10 லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுக்கறதுன்னு குறி வச்சிருக்காங்க. பயிற்சி முடிச்சு வர்றவனுக்குக் கதவைத் திறக்க வேண்டியது நீங்கதான். பேப்பரைப் பார்த்து ஒதுக்கறதுக்குப் பதிலா ஒரு மணி நேரம் பட்டறையில நிறுத்திப் பாருங்க. சந்தையில மாடு புடிக்கறவன் பல்லைப் பார்க்கறான், நடக்கவிட்டுப் பார்க்கறான். மனுசனைப் பேப்பரை மட்டும் பார்த்து வேண்டாம்னு சொல்லலாமா?

பெத்தவங்களுக்கும் சொல்றேன். காட்டை வித்துப் படிக்க வச்ச வீடுகள் நம்ம ஊர்ல இருக்குது. அந்தப் பையன் ரெண்டு வருசமா வீட்டுல இருந்தா, "இன்னும் ஒண்ணும் ஆகலையா?"ன்னு வர்றவங்க போறவங்க முன்னால கேக்காதீங்க. அவன் ராத்திரி தூங்கறானான்னு பாருங்க. நீங்க தறி ஓட்டறதையோ மண்ணு வெட்டறதையோ பத்தி அவன் முன்னால கேவலமாப் பேசாதீங்க. நீங்க தலையைக் குனிஞ்சா, அவன் அதைப் பேப்பர்ல மறைப்பான்.

ஞாயித்துக்கெழமை காலையில பால் ஊத்திட்டு வந்ததுக்கு அப்புறம் நான் வீட்டுலதான் இருப்பேன். பயோடேட்டா வச்சிருக்கற பசங்க புள்ளைங்க ஒரு பேனாவும் வெள்ளைப் பேப்பரும் எடுத்துட்டு வாங்க. இங்கிலீசுல எழுத எனக்குத் தெரியாது, அதை நீங்க பார்த்துக்குங்க. என்ன எழுதறதுங்கறதை உக்காந்து பேசலாம்.