"அடக்கிக்கோ" என்றால் அடங்குமா?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்காக ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறான். தோளை வெட்டி வெட்டிக் குலுக்குகிறான். நடுநடுவே தொண்டையிலிருந்து ஒரு சத்தம். பக்கத்தில் நிற்பவர் "என்னா சேட்டை பாருங்க" என்பார். இன்னொருவர் "காத்துக் கருப்பா இருக்கும், மந்திரிச்சு ஒரு தாயத்து கட்டுங்க" என்பார். அது டூரெட் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்று சொல்ல அங்கே யாராவது இருப்பார்களா?

இது புது நோய் அல்ல. 1885-ல் ஜில் தெ லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இப்படிப்பட்ட ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. தன்னையறியாமல் வரும் இந்த அசைவுக்கும் சத்தத்துக்கும் 'டிக்' என்று பெயர். பலவித அசைவுகளும் குறைந்தது ஒரு சத்தமும் 18 வயதுக்கு முன் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளின் வேலையில் உள்ள மாறுபாடே காரணம். பரம்பரைக்கும் பங்கு உண்டு. வளர்ப்புக்குப் பங்கு இல்லை.

சினிமாவில் காட்டுவது போல எல்லோரும் கெட்ட வார்த்தை பேசுவதும் இல்லை. பத்தில் ஒருவருக்கோ சற்று அதிகமானவர்களுக்கோதான் அது வரும்.

டிக் பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போகும். பிறகு பலருக்குக் குறைந்துவிடும். அதாவது பிள்ளைக்கு ஆதரவு மிக அதிகமாகத் தேவைப்படும் வயதில்தான் வகுப்பில் அதிகம் திட்டு விழுகிறது!

"அடக்கிக்கோ" என்பதுதான் எல்லோரும் சொல்லும் புத்தி. தும்மலை எவ்வளவு நேரம் அடக்க முடியும்? டிக்கும் அப்படித்தான். கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் கவனம் முழுதும் அதிலேயே போய்விடும், பாடம் காதில் ஏறாது. பள்ளியில் அடக்கிய பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மொத்தமாக வெளியே விடும். "ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கான், வீட்டுல மட்டும் நடிக்கிறான்" என்று அங்கேயும் அடி விழும்.

ராணி முகர்ஜி டூரெட் உள்ள ஆசிரியையாக நடித்த 'ஹிச்கி' இந்திப் படம் 2018-ல் வந்தது. அதற்கு மூலம் பிராட் கோஹன் என்ற அமெரிக்க ஆசிரியரின் வாழ்க்கை. சிறு வயதில் ஓர் ஆசிரியை அவரை வகுப்பின் முன் நிறுத்தி, சத்தம் போட்டதற்காக மன்னிப்புக் கேட்க வைத்தார். பிறகு வேறொரு பள்ளியின் தலைமை ஆசிரியர், பள்ளி முழுதும் கூடியிருந்த இசை நிகழ்ச்சியில் அவரை மேடைக்கு அழைத்து, "இது ஏன் வருகிறது?" என்று விளக்கச் சொன்னார். பையன் விளக்கினான். கைதட்டல் எழுந்தது. டிக் நிற்கவில்லை, கேலிதான் நின்றது. கோஹன் ஆசிரியராக ஆசைப்பட்டதும் அந்த மனிதரால்தான்.

"மற்ற பிள்ளைகள் படிப்பு கெடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் சில நாள் கவனம் சிதறத்தான் செய்யும். காரணம் தெரிந்துவிட்டால் வகுப்பில் ஓடும் ஃபேன் சத்தம் போல அதுவும் பழகிவிடும். காரணம் தெரியாத வகுப்புதான் தினமும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

மருத்துவமும் உண்டு. டிக் வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, அதற்கு மாற்றாக வேறோர் அசைவைச் செய்யும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. தேவைப்பட்டால் மாத்திரைகளும் இருக்கின்றன. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டுவிட்டது. தாயத்துக்கு முன் ஒரு முறை குழந்தைகள் மருத்துவரிடம் காட்டலாமே!

பள்ளி செய்ய வேண்டியதற்குப் பைசா செலவில்லை. டிக்கைக் கண்டுகொள்ளாமல் பாடத்தைத் தொடர வேண்டும். முட்டிக்கொண்டு வரும்போது ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதிக்க வேண்டும். பரீட்சைக்குத் தனி அறை தர வேண்டும். பையனும் பெற்றோரும் சம்மதித்தால், வகுப்புக்கு ஒரு முறை விளக்கிச் சொல்ல வேண்டும்.

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். ஆனால் அந்தப் பையனின் தோளுக்கும் தொண்டைக்கும் பூட்டுப் போட முடியாது. பூட்ட வேண்டியது பார்த்துச் சிரிப்பவர்களின் வாயைத்தான். அடுத்த முறை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?