எந்த அறை வேண்டும், கனவான்களே?

“குடும்பத்தோடு உல்லாசக் கப்பல் யாத்திரை போகிறீர்களா? எந்த அறை வேண்டும்? ஜன்னலில்லாத உள்ளறையா, பால்கனி வைத்த அறையா, அல்லது ‘சூட்’ என்னும் ராஜ மாளிகையா?” என்று கேட்கின்றன பிரயாணக் கம்பெனிகளின் வண்ண விளம்பரங்கள். தனிமனித சுதந்திரத்தின் சிகரமே இதுதான் என்று புகழ்கிற பேர்வழிகளும் உண்டு. அந்தச் சுதந்திரத்தைச் சற்றே பார்ப்போம்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து ராயல் கரீபியன் கம்பெனியின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ முதல் யாத்திரை புறப்பட்டது. அதில் குடும்பங்களுக்கென்றே மூன்று மாடி வீடு ஒன்று இருக்கிறது. உள்ளேயே குழந்தைகளுக்குச் சறுக்குமரம், சினிமா பார்க்க இடம், வெளியே வெள்ளை மரவேலி. நடுக்கடலில் வேலி! எந்த மாடு மேய வருமென்று போட்டார்களோ! வாரத்துக்கு 75,000 டாலருக்கு மேல் வாடகை என்று பத்திரிகைகள் எழுதின.

அதே கப்பலில் சுமார் 2,350 சிப்பந்திகள் வேலை செய்கிறார்கள். இத்தகைய கப்பல்களில் கழுவித் துடைத்துப் பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேஷியா போன்ற ஏழை நாடுகளின் பிள்ளைகள். அவர்களை எந்த அறை வேண்டும் என்று யார் கேட்டார்கள்? கீழ்த்தளத்தில், ஜன்னலில்லாத அறையில், இருவர் இருவராகப் படுக்கை. ஆறு, எட்டு மாதம் பெற்ற குழந்தையின் முகத்தைக் கைபேசியில்தான் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் ‘குடும்ப’ யாத்திரை!

கப்பல் புறப்படுவது அமெரிக்காவில். பறப்பதோ பஹாமாஸ் கொடி. கம்பெனி பதிவாகியிருப்பது லைபீரியாவில்! ஏன் இந்த மாறுவேஷம்? அந்நியக் கொடிக் கப்பலின் தொழிலாளிக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. ரகசியம் அவ்வளவுதான்.

சர்வதேசச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2006ஆம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 8 மணி வேலை என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் வாரத்தில் 77 மணி ஓய்வு கொடுத்தாலும் போதுமென்று ஒரு பொந்தையும் வைத்திருக்கிறது. 168இல் கழித்துப் பாருங்கள் தோழர்களே — 91 மணி வேலை!

கூலியிலும் ஒரு தந்திரம். 2023 இறுதியில் இந்தக் கம்பெனி ‘இனாம்’ என்று சூட்வாசிகளின் கணக்கில் நாளொன்றுக்குத் தலைக்கு 20.50 டாலரும், மற்றவர்கள் கணக்கில் 18 டாலரும் சேர்த்தது. முதலாளி தரவேண்டிய கூலி, பிரயாணியின் தர்மமாகிவிட்டது!

“ஊரில் கிடைப்பதைவிட அதிகம்தானே, இஷ்டமில்லாவிட்டால் போகாதே” என்கிறார்கள். வாடகைக்கு மயாமி விலை. கூலிக்கு மட்டும் மணிலா, தூத்துக்குடி வறுமைதான் அளவுகோலா? மிச்சம் பிடித்து ஒருவாரம் கடல் பார்க்கப் போகிற ஆசிரியர்மீது நமக்குக் கோபமில்லை. அவரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லத்தான் வேண்டும்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் கொரோனா பரவியது. பிரயாணிகள் அவரவர் அறையில் அடைக்கப்பட்டனர். சிப்பந்திகளோ கதவு கதவாகச் சாப்பாட்டுத் தட்டு சுமந்தார்கள். இரவில் பழையபடி இருவர் இருவராகவே படுத்தார்கள்.

அந்தக் கப்பலிலும் இந்தியத் தொழிலாளிகள் இருந்தார்கள். 2015இல் உடன்படிக்கையை ஏற்ற இந்திய சர்க்கார், 77 மணிப் பொந்தை அடைக்கும்படி ஜினீவாவில் எழுந்து கேட்கட்டும். வேலைக்கு ஆள் சேர்க்கத் தொழிலாளியிடமே பணம் பிடுங்கும் ஏஜெண்டுகளின் லைசென்ஸை ரத்து செய்யட்டும்.