பாலம் கட்டியவருக்குப் பரிசு



செடெனாக் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு ரயில் சத்தம் புதிதல்ல. 1909-ஆம் ஆண்டு ஜொகூர் மாநில ரயில் பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு இந்த ஊர் வழியாக ரயில் ஓடுகிறது. 'கம்பிச் சடக்கு' என்று நம் பெரியவர்கள் வாய் நிறையச் சொல்வார்கள். அந்த ரயில் சத்தம் கேட்ட ஒரு காலைப் பொழுதில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து என்னைக் கேட்டாள்:

"சார், பாட்டுப் பாடுறவங்களுக்கும் பந்து விளையாடுறவங்களுக்கும் பரிசு குடுக்குறாங்க. பாலம் கட்டுறவங்களுக்கு யாராச்சும் குடுப்பாங்களா?"

நல்ல கேள்வி அல்லவா? நம் வீட்டுப் பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இம்மாதம் இதையே எழுத உட்கார்ந்தேன்.

கொடுக்கிறார்கள். லண்டனில் 1818-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிவில் பொறியியலாளர் கழகம் 'டெல்ஃபர்டு பதக்கம்' என்று ஒன்றை வழங்கி வருகிறது. அந்தப் பெயருக்குரிய தாமஸ் டெல்ஃபர்டு யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் ஆடு மேய்த்த ஓர் ஏழையின் மகன். பிறந்த சில மாதங்களிலேயே தகப்பனை இழந்தவர். கல் கொத்தனிடம் வேலை பழகி, பிறகு தானே படித்து, சாலைகளும் பாலங்களும் கட்டி, அந்தக் கழகத்துக்கே முதல் தலைவரானார். கூலிக்காரன் மகனுக்கு இதெல்லாம் எட்டுமா என்று ஏங்குகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரலாறே போதும்.

நம் மனத்துக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்றும் உண்டு. ராமேசுவரம் போய் வந்தவர்கள் பாம்பன் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 1914-ல் திறக்கப்பட்ட அந்தப் பழைய ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நூறு பேருக்கு மேல் ஏறியிருந்த ஒரு ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தின் தூண்கள் நின்றன. ஆனால் தூண்களின் மேல் கிடந்த இரும்பு உத்திரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அலை அடித்துச் சென்றுவிட்டது. கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது.

சீரமைக்கும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரிடம் வந்தது. பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், வயது அப்போது முப்பத்திரண்டுதான். ரயில்வே வாரியம் ஆறு மாதத் தவணை கொடுத்தது. மேலதிகாரியோ மூன்று மாதத்தில் முடி என்றார். புதிய உத்திரங்களை எங்கெங்கிருந்தோ கொண்டுவர வேண்டிய நிலை. அந்த நேரத்தில் மீனவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள்: பாலத்து இரும்பு கடலடியில் கிடக்கிறது என்று. இளைஞர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். கிடந்த உத்திரங்களை மேலே தூக்கி, மீண்டும் தூண்களில் ஏற்றினார்கள். நாற்பத்தாறே நாளில் ரயில் ஓடியது!

அவருக்கு ரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில் பாதையையும் டில்லி மெட்ரோவையும் உருவாக்கியவர் அவரே. 2001-ல் பத்மஸ்ரீ, 2008-ல் பத்ம விபூஷண் விருதுகளும் அவரைத் தேடி வந்தன. அந்தப் பழைய பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது. 2025 ஏப்ரலில் அதன் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது.

விருது அவருக்குப் பொருத்தமானதே. ஆனால் கடலடியில் இரும்பு கிடக்கிறது என்று சொன்ன மீனவர்களின் பெயர் எந்தப் பதக்கத்திலும் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் நான் செய்த ஒரு தவறு என் நினைவுக்கு வரும்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை செய்த ஒரு தோட்டப் பள்ளியில் அறிவியல் விழா நடந்தது. நான்கு மாணவர்கள் ஐஸ்கிரீம் குச்சியால் ஒரு பாலம் செய்தார்கள். ஒரு செங்கல்லை வைத்ததும் பக்கவாட்டில் நெளிந்து சரிந்தது. அந்த நால்வரில் வாய் பேசாத பையன் ஒருவன். தேர்வில் பின்தங்கியவன், தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவன் மெதுவாகச் சொன்னான்:

"கால்வா மேல அப்பா பலகைப் பாலம் போட்டாரு சார். தள்ளுவண்டி போனா ஆடுச்சு. குறுக்குக் கட்டை அடிச்சாரு, அப்புறம் ஆடல."

அப்படியே குறுக்குக் குச்சிகளை ஒட்டினார்கள். நாலு மூலைச் சட்டத்தை அழுத்தினால் சாயும். குறுக்கே ஒரு கட்டை போட்டு முக்கோணமாக்கினால் சாயாது. பெரிய இரும்புப் பாலங்களில் முக்கோணமாய்த் தெரிகிறதே, அதன் இரகசியம் இதுதான். பாலம் ஐந்து செங்கல்லைத் தாங்கியது.

சான்றிதழ் ஒன்றுதான் இருந்தது. நன்றாக விளக்கிப் பேசிய குழுத் தலைவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். விழா முடிந்து வெளியே வரும்போது அந்தப் பையனின் அம்மா கேட்டார்: "எங்க பையன் ஒண்ணும் செய்யலைங்களா சார்?"

பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. மறுவாரத்திலிருந்து பையன் மாலை வகுப்புக்கு வரவில்லை. சான்றிதழ் தராததைவிட, அவன் தகப்பனாரின் அறிவை நான் அறிவாக மதிக்காததுதான் பெரிய தவறு என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். 'இந்தப் பாலம் நிற்கக் காரணம் இந்த மாணவனும், அவனுக்கு வழி காட்டிய தகப்பனாரும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தி நேரத்தில் அவர்கள் வீட்டுக்கே போனேன். தகப்பனார் தாளை வாங்கி, "நான் என்ன சார் செஞ்சேன், ரெண்டு கட்டை அடிச்சேன்," என்று சிரித்தார். அடுத்த நாள் பையன் வகுப்புக்கு வந்தான். சில மாதம் கழித்துப் போனபோது, சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாள் ஒட்டியிருக்கக் கண்டேன்.

பெற்றோர்களே, "எனக்கு ஒன்றும் தெரியாது, வாத்தியாரைக் கேள்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். கால்வாயில் வெள்ளம் எந்தப் பக்கம் ஏறும், எந்த மண் இளகும், எந்தக் கட்டை தாங்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பொறியியல் தொடங்குவதே அங்கேதான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கணக்கையும் அறிவியலையும் நாங்கள் சொல்லித் தருகிறோம்.

பிள்ளைகளே, நாளை உங்களில் ஒருவர் பாலம் கட்டிப் பதக்கம் வாங்கலாம். மேடை ஏறும்போது, கடலடியில் இரும்பு கிடக்கிறது என்று சொன்னவரை மறக்காதீர்கள். முடிந்தால், அவர் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.