யார் முதுகில் விழுகிறது வெயில்?

தீர்த்தமலை அடிவாரத்துச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல விஞ்ஞானி யாரும் வரவேண்டியதில்லை. பொழுது சாய்ந்த பிறகும் பாறை அனல் விடுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வெயிலில் யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2025-ல் 'டெமோகிராபி' என்ற ஆய்விதழில் வந்தது. பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனம், காந்திநகர் ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எழுதியது. ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பையும் 2019, 2022-ம் ஆண்டுகளின் வெப்ப அலை விவரங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாக வெட்டவெளி வெப்பத்தில் உழைக்கிறார்கள் என்பது முடிவு. வயது, படிப்பு, பொருளாதார நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. "ஏழை எல்லாரும்தானே வெயிலில் நிற்கிறான், இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நிலம் இல்லாதவர் கரும்பு வெட்டப் போகிறார், செங்கல் சூளைக்குப் போகிறார், பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் பஸ் ஏறுகிறார். மூன்றும் கூரையில்லாத வேலை.

உடம்பு வேர்த்துத்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வேர்வை காயாது, சூடு உள்ளேயே தங்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலையில் 35 டிகிரி வரை மனிதன் தாங்குவான் என்று வெகுநாள் நம்பப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். ஈரமான சூழலில் சுமார் 31 டிகிரியிலேயே உடல் சூட்டை அடக்க முடியாமல் திணறியது. அவர்கள் செய்தது லேசான வேலைதான். கரும்புக் கட்டு தூக்கவில்லை.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்கு அபாயமாக இருந்தது.

வெயிலுக்கு மருந்து தண்ணீரும் நிழலும் என்கிறார்கள். சரி. அந்தத் தண்ணீரை யார், எதில் கொடுக்கிறார்கள்? 2024 பிப்ரவரியில் நம் மாவட்டத்தில் கம்பைநல்லூர் பக்கம், கொல்லை வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த சங்கதி வெளியே வந்து, இரண்டு பேர் கைதானார்கள். டீக்கே இந்தக் கதி என்றால், நடுப்பகலில் கிணற்றடிக்கு நாலு தரம் போய்த் தண்ணீர் கேட்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? ஒதுங்க மறைவிடம் இல்லையென்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள் வேறு. எந்த வெப்பமானியும் இதை அளப்பதில்லை.

வானிலைத் துறையின் வெப்பமானி நிழல் கூண்டுக்குள் இருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் பொதுவாக வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். 38 டிகிரியில் புழுக்கத்தோடு வெட்டவெளியில் குனிந்து நிற்பவருக்குப் பொதுவாக வெப்ப அலை அறிவிப்பு வராது. 2005-ம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியது. தனியார் கொல்லையில் அந்த எழுத்தும் கிடையாது. கூலியைக் குறைக்காமல் வேலை நேரத்தை விடியலுக்கு மாற்றி, 11 மணிக்குள் முடிக்கச் சொல்லும் உத்தரவை மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டும். கூலியைக் குறைக்காமல் என்பதை அழுத்தியே சொல்கிறோம்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவுதான். ஆனால் சாவுக்குக் காரணம் அதுதான் என்று சான்று வேண்டும். நம் காலனிகளில் கொல்லையில் சுருண்டு விழுந்தவரை "நெஞ்சு வலி" என்று சொல்லி அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறோம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இதை வீட்டில் சொல்லுங்கள்: விழுந்தவரை நிழலுக்குத் தூக்கி, உடம்பை நனைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது விழுந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.